ஜீப்புக்கு வந்த மூச்சு

வெள்ளானூர் எங்கே இருக்கிறது என்று நேயர்களில் அநேகர் கேட்கக்கூடும். ஆவடியிலிருந்து செங்குன்றத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது என்று சொன்னால் போதும். முன்னெல்லாம் இருபுறமும் நெல் வயல்களைக் கண்டு ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். இப்போது வர்ணம் பூசிய மனைக் கற்களைக் கண்டு தெரிந்துகொள்கிறோம். அந்த ஊரில் எங்கள் வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில், முப்பது வயதைக் கடந்த ஒரு மஹிந்திரா ஜீப் நிற்கிறது. இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அதுதான். அடியேன் அதன் பின்னால் உட்கார்ந்து போகும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

என் தகப்பனார் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அந்தப் பெயரெல்லாம் காகிதத்தில்தான். ஊரார் வாயில் அது என்றைக்கும் ‘டேங்க் ஃபாக்டரி.’ 1965-ஆம் வருஷம் விஜயந்தா டாங்கி முதன் முதலாக வெளிவந்த இடம் அது. தகப்பனார் சில வருஷங்கள் கழித்து அங்கே சேர்ந்து, விஜயந்தாவுக்கும் பிறகு வந்த டி-72 டாங்கிக்கும் கை கொடுத்து, மூட்டு வலியோடு ஓய்வு பெற்றார். ஜீப்பை அவர் வாங்கியபோதே அது பழைய வண்டி. அதன் ஒவ்வொரு திருகாணியும் அவருக்குப் பரிச்சயம். அவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அந்த எஞ்சின் காலையில் உறுமினால் என் தாயார் சமையலறையிலிருந்து ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். இதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன், பேசியதில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை தகப்பனார் அம்மாவை இந்த ஜீப்பில் ஏலகிரி மலைக்கு அழைத்துப் போவது வழக்கம். முருகனைத் தரிசிப்பது என்பது காரணம். காற்று வாங்குவது என்பது உண்மை. அவருக்குப் பின் அந்தக் கடமை என்மேல் விழுந்தது. ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் போனபோது எட்டாவது வளைவில் ஜீப் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. ரேடியேட்டர் பொங்கிற்று. பஸ்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். அம்மா இறங்கிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறைபட்டவன் என் தங்கை மகன்தான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து முடித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பயிற்சியில் இருக்கும் பையன். “தாத்தா வண்டி இப்படி நடுரோட்டில் நிற்பதா, மாமா?” என்று கேட்டபோது அவன் முகம் சிவந்திருந்தது.

இப்படி இருக்கையில் 2025 மார்ச் மாதத்தில் ஒருநாள் பத்திரிகையை மடித்துக்கொண்டு ஓடி வந்தான். டி-72 டாங்கிகளின் 780 குதிரைச் சக்தி எஞ்சின்களுக்குப் பதிலாக 1,000 குதிரைச் சக்தி எஞ்சின்கள் வாங்குவதற்கு மார்ச் 7-ஆம் தேதி நமது பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசொபரோனெக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தது. தொகை 24 கோடியே 80 லட்சம் டாலர். அந்த எஞ்சினை இங்கேயே பொருத்தவும் பிற்பாடு இங்கேயே தயாரிக்கவும் தொழில்நுட்பம் நமது ஆவடித் தொழிற்சாலைக்கு வரப்போகிறது என்றும் போட்டிருந்தது.

“பார்த்தீர்களா, மாமா? தாத்தா வேலை செய்த டாங்கிக்கே புது மூச்சு வருகிறது. தாத்தாவின் ஜீப் என்ன பாவம் செய்தது? ஒரு டர்போ மாட்டிவிட்டால் ஏலகிரியில் பஸ்ஸை முந்திப் போகலாம்.”

தர்க்க சாஸ்திரப்படி இந்த வாதத்தில் நூறு ஓட்டைகள் இருந்தன. ஆனால் நான் விஞ்ஞானம் கற்பிக்கிறவன். டர்போ என்ற சொல்லைக் கேட்டதும் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் ஜீப்பின் எஞ்சின் பிரெஞ்சு வம்சம். பியூஜோ கம்பெனியின் உரிமம் பெற்று மஹிந்திரா தயாரித்த எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2,112 கன சென்டிமீட்டர், அதாவது இரண்டு லிட்டருக்குச் சற்று மேல். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அவ்வளவு காற்றை அது உள்ளே இழுக்க வேண்டும். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால் சுமார் 3,170 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிஷத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் மூச்சு விடுகிறான். எத்தனை வாத்தியார்களின் மூச்சு ஒரு ஜீப்புக்கு ஈடு என்பதை மாணவர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

டீசலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டுமே? காற்று போதாவிட்டால் டீசல் கரும் புகையாக வெளியேறும். ஏலகிரி உச்சி கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வெள்ளானூரில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஜீப் மலைமேல் அரைப் பட்டினி கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டினிக்கு மருந்து கண்டவர் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூக்கி என்னும் எஞ்சினீயர். எஞ்சின் வெளியே துப்பும் சூடான புகையில் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகப் போகிறதே என்று அவருக்கு ஆற்றாமை. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்து, வெளிக் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டலாம் என்று 1905-ஆம் வருஷமே காப்புரிமை பெற்றார். காரியம் கைகூட இருபது வருஷம் பிடித்தது. 1920-களில் ஜெர்மனியில் இரண்டு பிரயாணிக் கப்பல்களின் பத்து சிலிண்டர் டீசல் எஞ்சின்களில் பொருத்தியபோது 1,750 குதிரைச் சக்தி 2,500 ஆயிற்று. இதற்கிடையில் 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் பீக் என்னும் சிகரத்துக்கு இழுத்துப் போனார். கடல் மட்டத்தில் 350 குதிரைச் சக்தி காட்டிய எஞ்சின் மலைமேல் 230 ஆகச் சோர்ந்துவிட்டது. டர்போவை இயக்கியதும் 356. எங்கள் எட்டாவது வளைவில் அந்த மாஸ் மட்டும் இருந்திருந்தால்!

டாங்கி விஷயத்தைத் தகப்பனாரே ஒரு சமயம் சொல்லியிருக்கிறார். டி-72-இன் 12 சிலிண்டர் எஞ்சினிலும் காற்றை உள்ளே தள்ளும் விசிறி உண்டு. ஆனால் அதைச் சுழற்றுவது பல்சக்கரம். “அது எஞ்சினின் சொந்தச் சம்பளத்தில் சாப்பிடுகிற பிள்ளை. புகையில் ஓடுகிறது இருக்கிறதே, அது மிச்சத்தில் சாப்பிடுகிற பிள்ளை” என்பார். பிற்பாடு ஆவடியில் செய்த டி-90 டாங்கியின் 1,000 குதிரைச் சக்தி எஞ்சின் இந்த மிச்சத்தில் சாப்பிடும் வகை. ரயில் பிரியர்களுக்கு வேறோர் உதாரணம் சொல்லலாம். 1964 முதல் வாராணசியில் தயாரான டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சினின் 2,600 குதிரைச் சக்தியும் டர்போவின் உபயமே.

இவ்வளவையும் நான் திண்ணையில் பிரசங்கம் செய்து முடித்தபோது பையன் ஒரே கேள்வி கேட்டான். “அப்படியானால் மாட்டலாம் அல்லவா, மாமா?” சொந்த வலையில் நானே விழுந்தேன்.

எங்கள் குடும்ப மெக்கானிக் ஒரு பாய். பாடியில் பட்டறை. தகப்பனாரிடம் மிகுந்த மரியாதை உள்ளவர். விஷயத்தைக் கேட்டதும் பீடியை அணைத்துவிட்டு, “வாத்தியாரே, கிழவருக்குக் கல்யாணம் செய்து வைக்கப் பார்க்கிறீர்கள்” என்றார். மேலும் சில வார்த்தைகள் சொன்னார். டர்போவோடு பிறந்த எஞ்சின் வேறு, டர்போவைத் தத்து எடுத்துக்கொண்ட எஞ்சின் வேறு. பிறக்கும்போதே அதற்கு வலுவான பிஸ்டன், பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஏற்பாடு, பெரிய ரேடியேட்டர் எல்லாம் கொடுத்திருப்பார்கள். தத்துப் பிள்ளைக்கு எதுவும் கிடையாது. பாய் சொன்னது வாஸ்தவம். பியூஜோக்காரர்களே இந்த எஞ்சின் வம்சத்தில் 2,304 கன சென்டிமீட்டர் உள்ள ஒன்றுக்கு டர்போ வைத்து, 1979-ல் 604 என்ற மோட்டாரில் விற்றார்கள். அவர்கள் பெற்றது 80 குதிரைச் சக்திதான். எங்கள் ஜீப்புக்குச் சுபாவமாக உள்ளது 62. நம் பையன் எதிர்பார்த்தது நூறு!

ஆனாலும் பாய் இசைந்தார். பையனின் ஆர்வம் ஒரு காரணம். தம் கைத்திறமையைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இன்னொன்று. புதுப்பேட்டைக் காயலான் கடைகளில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து, உடைத்த ஒரு வண்டியிலிருந்து எடுத்த டர்போ ஒன்றை மருமான் வாங்கி வந்தான். “பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை” என்று கடைக்காரர் சத்தியம் செய்தாராம். அச்சைப் பிடித்து அசைத்தபோது அது மேலும் கீழும் கொஞ்சம் ஆடிற்று. பாய் உதட்டைப் பிதுக்கினார். பையன் கவனிக்கவில்லை. நானும் கவனியாதவன் போல் இருந்துவிட்டேன். பணம் என்னுடையது என்பதும், அதைத் திரும்பப் பெறப் புதுப்பேட்டையில் வழி இல்லை என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

பொருத்தும் வேலை மூன்று வாரம் நடந்தது. புகைக் குழாயை அறுத்துப் புதிதாக ஒரு வளைவு பற்றவைக்க வேண்டும். எஞ்சின் எண்ணெயில் ஒரு கிளை பிரித்து டர்போவுக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சிறு அச்சு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது; மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டுதான் அது உயிர் வாழ்கிறது. அந்த எண்ணெய் தன் எடையாலேயே கீழே வழிந்து எஞ்சினின் அடித்தொட்டிக்குத் திரும்ப வேண்டும். இந்தத் திரும்பும் குழாயை நேயர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஜீப்பில் இடம் போதாமல் பையன் அதை ஓர் இடத்தில் மடக்கிக் கொண்டுபோனான். காற்று அழுத்தம் அரை வளிமண்டலத்துக்கு மேல் போகாமல் பாய் கட்டுப்படுத்தினார். டீசல் பம்பின் திருகைக் கால் சுற்றுத்தான் திறந்தார். “இதற்கு மேல் திறந்தால் பெரியவர் கனவில் வந்து அடிப்பார்” என்றார்.

மே மாதம் ஏலகிரி போனோம். உண்மையைச் சொல்ல வேண்டும். அது ஓர் ஆனந்தமான பிரயாணம். வளைவுகளில் எஞ்சின் ஒரு மெல்லிய சீழ்க்கை அடித்துக்கொண்டு ஏறிற்று. எட்டாவது வளைவை எப்போது கடந்தோம் என்றே தெரியவில்லை. ஒரு பஸ்ஸை முந்தவும் செய்தோம். மருமான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தகப்பனாரின் சாயல் இருந்தது. உச்சியில் வண்டியை நிறுத்தியதும் சாவியைச் சட்டென்று திருப்பி அணைத்தான். சூடேறிய டர்போவை இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு ஆற்றிய பிறகே அணைக்க வேண்டும் என்றும், இல்லாவிட்டால் உள்ளே நின்றுபோன எண்ணெய் கருகிக் கரியாகிவிடும் என்றும் பாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சந்தோஷத்தில் மறந்துவிட்டான். நானும் மறந்தேன்.

அம்மா மட்டும் திரும்பி வரும் வழியில், “வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் யாருடைய வண்டியோ மாதிரி இருக்கிறது” என்றாள்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பையன் ஜீப்பை மாட்டுக் கொட்டகைச் சுவரை ஒட்டி நிறுத்தி, காற்று வடிகட்டியின் குழாயைக் கழற்றி வைத்து, சீழ்க்கை எங்கிருந்து வருகிறது என்று தன் நண்பன் ஒருவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நான் திண்ணையில் வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று எஞ்சின் தானாகவே வேகம் எடுத்தது. ஆக்ஸிலேட்டரில் யாரும் கால் வைக்கவில்லை. வெண்புகை தெருவையே மறைத்தது. சத்தம் உறுமலாகி, உறுமல் அலறலாகிவிட்டது. பையன் சாவியைத் திருப்பினான், நிற்கவில்லை. டீசலை அடைக்கும் பிடியை இழுத்தான்; அப்போதும் நிற்கவில்லை. டீசலில் ஓடினால் அல்லவா டீசலை அடைத்தால் நிற்கும்! மடங்கிய குழாயில் எண்ணெய் இறங்க வழியில்லாமல் தேங்கி, தேய்ந்த அச்சைத் தாண்டிக் காற்றுப் பக்கம் கசிந்து, எஞ்சினுக்குள்ளேயே புகுந்துவிட்டது. எஞ்சின் தன் சொந்த எண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடிற்று. எண்ணெய் தீரும் வரையில், அல்லது உடைந்து சிதறும் வரையில் அது ஓயாது. கியரில் போட்டு அடக்கலாம் என்றால் முன்னால் சுவர். சுவருக்கு அப்பால் பசுவும் கன்றும்.

எனக்கு இதன் விஞ்ஞானம் முழுவதும் தெரியும். ஆனால் கால்கள் நகரவில்லை. பையன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காற்று உறிஞ்சும் வாயில் திணிக்கப் போனான்.

“துணி வேண்டாண்டா! இழுத்துக்கொள்ளும்!”

குரல் அம்மாவுடையது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், உட்கார்ந்திருந்த மணையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். எழுபது வயதுக்கு அது நடை அல்ல, ஓட்டம். மணையைப் பேரன் கையில் கொடுத்து, “இதை வைத்து அமுக்கு. அதன் மூச்சை அடை. கையை வைக்காதே” என்றாள். அவன் பலகையை அந்த வாயின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான். நானும் போய் அழுத்தினேன். பலகை கையில் துடித்தது. அலறல் உறுமலாகி, உறுமல் விக்கலாகி, எஞ்சின் நின்றது.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. கன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

“உனக்கு இது எப்படித் தெரியும், ஆயா?” என்று பையன் கேட்டான்.

“உன் தாத்தா சாப்பிடும்போது வேறு என்ன பேசுவார்?” என்றாள் அம்மா.

பாய் வந்து பிரித்துப் பார்த்தார். எஞ்சின் பிழைத்துவிட்டது. டர்போவின் தாங்குகள் கரியாய்ப் போயிருந்தன. பையன் மறுபடி புதுப்பேட்டைக்குப் போகத் தயாரானான். அந்தச் சமயத்தில்தான் ஜீப்பின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதி நெருங்குவதைக் கவனித்து, சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு எனக்காகவே எழுதியது போல் இருந்தது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியின் சொந்தக்காரர் அதைத் திருத்தலாகாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. அதே வருஷத் திருத்தத்தின்படி, அநுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து ஏதாவது நேர்ந்திருந்தால் இன்ஷூரன்ஸ்காரர் என்ன சொல்லியிருப்பார் என்பதை யோசிக்கவே பிடிக்கவில்லை. பதினான்கு வளைவுகளிலும் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சீழ்க்கை அடித்துப் போனோமே!

எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் பாடமும் நான்தான் எடுக்கிறேன். மறுநாள் அந்த வகுப்பில் ‘சட்டத்தின் ஆட்சி’ என்ற பாடம். என் வாழ்நாளில் அவ்வளவு அடங்கிய குரலில் பாடம் நடத்தியதில்லை.

பழைய புகைக் குழாயைப் பாய் எறியாமல் வைத்திருந்தார். “திரும்பி வருவீர்கள் என்று தெரியும்” என்று சொல்லிப் பொருத்திக் கொடுத்தார். பம்பின் திருகும் பழைய இடத்துக்குப் போயிற்று. அம்மா இப்போது மறுபடியும் காலையில் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். டர்போவைப் பிளந்து சுத்தம் செய்து பள்ளிக்கூடச் சோதனைச் சாலையில் வைத்திருக்கிறேன். சைக்கிள் பம்பினால் ஒரு பக்கம் காற்றடித்தால் மறுபக்கச் சக்கரம் சுழல்கிறது. பையன்கள் மணி அடித்த பிறகும் அதை விட்டுப் போவதில்லை. மருமானுக்கு ஒரு மாதம் முகம் வாடி இருந்தது. இப்போது ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு நீக்கி, அதே கம்பெனி அளவில் புது விசிறி மாட்டியிருக்கிறான். அதுவே பாதி வியாதிக்கு மருந்து என்று பாய் முதலிலேயே சொன்னதாகச் சாதிக்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

ஏலகிரிக்கு அடுத்த முறை எப்படிப் போவது என்று பேச்சு வந்தது. “எட்டாவது வளைவில் நின்றால் நிற்கட்டுமே. அங்கே நல்ல காற்று” என்றாள் அம்மா. அதை உத்தேசித்து மருமான் ஜீப்பின் பின்னால் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றைக் கொக்கி போட்டுக் கட்டியிருக்கிறான். அந்தக் கொக்கி மாற்றத்தில் சேருமா சேராதா என்று 52-ஆவது பிரிவை இன்னொரு முறை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.